மிளகுக் களத்தில் காய்ந்த படகு

கொல்லிமலையில் குடியிருப்பவருக்குப் படகு எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் சோளக்காட்டுச் சந்தையில் ஒருவர்கூட மிச்சமில்லை. பலாப்பழம் விற்கிறவர் கேட்டார், பஸ் கண்டக்டர் கேட்டார், மிளகு எடை போடுகிறவர் தராசைப் பிடித்துக்கொண்டே கேட்டார். நானும் அதையேதான் என் வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தேன், அவர்களைவிடக் கொஞ்சம் காரமாக. ஆனால் சந்தையில் கேட்டவர்களிடம், "ஏனுங்க, உங்க ஊட்டுக்கு டிவி எதுக்குன்னு நான் என்னைக்காச்சும் கேட்டனா?" என்று வாயை அடைத்துவிட்டு வந்தேன். என் ஆளை நான் திட்டலாம், ஊர் திட்டக் கூடாது.

அவர் லாரி டிரைவர். மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பீடி அணையாமல் இறங்குகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் பட்டறையில் ஜாக்கி நழுவி, இடது கால் லாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே இரும்புத் தகடு வைத்துக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு சமதரையில் தடி ஊன்றி நடப்பார். மேடு பள்ளம் வந்தால் என் தோளைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் மேடு பள்ளத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? டீக்கடைக்கும் நான் கூடப் போனேன், முடி வெட்டிக்கொள்ளவும் நான் கூடப் போனேன். அங்கே என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரிப்பார்கள். அதில் அவர் வெளியே வருவதையே விட்டுவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சாப்பிடுங்க என்றால் ஒரு 'உம்', குளிங்க என்றால் ஒரு 'உம்'. கால் நசுங்கியபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. கட்டிலிலேயே இந்த மனுஷன் முடிந்துபோய்விடுவாரோ என்று அப்போதுதான் பயந்தேன்.

ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நம்மூருல சமமா இருக்கறது ரெண்டே ரெண்டுதான் புள்ள. ஒண்ணு நம்ம களம். இன்னொண்ணு கொளத்துத் தண்ணி."

களம் என்றால் வாசலுக்கு முன்னால் மிளகு காயப்போடும் சிமெண்டுத் தளம். குளம் எங்கள் மிளகுக் காட்டுக்குக் கீழே, ஓடையை மறித்துக் கட்டியது. சரி, பேசினாரே என்று நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட்டுக் கீழ்நாட்டில் ஏதோ ஓர் அணைக்கட்டுப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பைபர் படகும், அதன் பின்னால் மாட்டுகிற குட்டி மோட்டாரும் பேசி முடித்துவிட்டார்.

படகு லாரியில் ஏறி வந்தது. அன்று காலையில் எழுந்து அவரே வெந்நீர் வைத்துக் குளித்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்துச் சீவி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். படகு பளபளவென்று நீல நிறத்தில் வந்து இறங்கியது. புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டைப் பார்த்தால் உள்ளே கரையான் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவள் நான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் புத்தியெல்லாம் எங்கோ போய்விட்டது. படகைத் தடவித் தடவிப் பார்த்தார். என்னைக்கூட அப்படித் தடவியதில்லை.

மோட்டார் மாட்டுவதற்குக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டிராக்டர், தண்ணீர் மோட்டார், மிக்சி எது கொடுத்தாலும் பார்க்கிறவர். படகு மட்டும் அவருக்கும் புதிது. படகின் பின்பக்கம் முன்பக்கம் போலக் கூராக இருக்காது, நட்டுக்குத்தாக ஒரு பலகை நிற்கும். மோட்டார் அதில்தான் தொங்க வேண்டும். அதில் போல்ட்டு இறங்க ஓட்டை போடுவதற்காக டிரில்லை வைத்து அழுத்தினார்.

முதலில் வெள்ளை வெளேரென்று பைபர் தூள் உதிர்ந்தது. என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அடுத்து மரத்தூள் வரும் என்றார் மெக்கானிக். இரண்டு பைபர் தோலுக்கு நடுவில் பலம் வேண்டும் என்று பிளைவுட் வைத்திருப்பார்களாம். வந்தது தூள் இல்லை. கறுப்பாக, கொழகொழவென்று, டிரில் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏதோ வந்தது. கம்பியை வெளியே எடுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னங்க்கா இது, இன்னும் தண்ணியிலயே எறக்கல. அதுக்குள்ள ஒழுகுது?" என்றார் மெக்கானிக்.

சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், பலகையின் மேல் விளிம்பில் பெயிண்டுக்கு அடியில் பழைய ஆணி ஓட்டை ஒன்று கிடைத்தது. யாரோ எதையோ மாட்டிக் கழற்றிவிட்டு அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். எத்தனை மழை அதற்குள் இறங்கியதோ. விற்றவர் அதன் மேல் நீலத்தை அடித்து அனுப்பிவிட்டார். இந்தப் பலகையில் மோட்டாரை மாட்டி முடுக்கினால், மோட்டார் பலகையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும், பின்னாலேயே படகும் உள்ளே போகும் என்று மெக்கானிக் சொன்னார். "அண்ணனுக்குக் காலும் முடியாது பாருங்க" என்று கடைசியில் ஒன்று சேர்த்தார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எழுந்து வந்த மனுஷனை ஒரு ஓட்டைப் பலகை திரும்பக் கட்டிலுக்கே அனுப்பிவிட்டதே என்று படகை ஒரு உதை விட்டேன். கால் விரல்தான் வீங்கியது.

சும்மா விடுகிற ஜாதி இல்லை நான். ஈரம்தானே? ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிளகு காய வைக்கிறேன். ஒரு மிளகைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் காய்ச்சல் பத்தவில்லை, திரும்பக் களத்தில் கொட்ட வேண்டியதுதான். மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, களத்தில் பாதி காலியாகக் கிடக்கிறது. மெக்கானிக்கையும் பக்கத்துக் காட்டு ஆட்களையும் பிடித்து, படகைக் களத்துக்குத் தூக்கிவந்து, பின்பலகை சூரியனைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தேன். ஒரு பக்கம் மிளகு, ஒரு பக்கம் படகு.

அதன் பிறகு எங்கள் களத்துக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. மலையில் ஈரத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. பக்கத்துக் காட்டு அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "ஒரே பக்கமா காஞ்சா உள்ள நசநசன்னு நிக்கும் கண்ணு. மத்தியானத்துக்கு மேல திருப்பிப் போடு" என்றார். படகைத் திருப்பிப் போட்டோம். இன்னொருவர், காற்றுப் போக வழியில்லாமல் எப்படிக் காயும், இன்னும் நாலைந்து ஓட்டை போடுங்கள் என்றார். அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. மெக்கானிக் டிரில்லை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். போட்டேன். ஒவ்வொன்றிலும் பழுப்புத் தண்ணீர் வந்தது.

சாயங்காலம் பனி இறங்குகிற நேரத்துக்கு மிளகை அள்ளி மூடுவது எங்கள் வழக்கம். படகையும் தார்ப்பாயால் இழுத்து மூடி, ஓரத்தில் கல் வைத்தேன். காலையில் திறந்தால் தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். பார்த்தாயா, ஈரம் வெளியே வருகிறது என்று எனக்குப் பெருமை. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நனைந்த பஞ்சை வைத்து மூடி, டப்பாவை வெயிலில் வைத்த கதை அது. பைபர் தோலுக்குள் இருக்கிற மரத்துக்கு வெயிலாவது, காற்றாவது. எனக்கு அது புரியவில்லை, வந்து யோசனை சொன்ன ஒருவருக்கும் புரியவில்லை. மிளகுக்கு ஒத்துக்கொள்வது படகுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று மலையே நம்பியது.

உள்ளே கட்டிலில் கிடந்தவருக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாள் 'உம்' கூட வரவில்லை. படகைத் திருப்பியபோது கட்டில் கிறீச்சிட்டது. ஓட்டை போட்டபோது, "அடிப்பாவி" என்று ஒரு முனகல் கேட்டது. நான் காதில் வாங்கவில்லை. கடைசியாகப் பக்கத்துக் காட்டு அக்கா, அடைமழையில் மிளகுக்குச் செய்கிற மாதிரி அடியில் கொஞ்சம் கரி நெருப்பு வைத்தால் என்ன என்று கேட்டார். அவரே சட்டியில் கரியும் கொண்டுவந்தார். பலகைக்கு அடியில் வைத்து நான் விசிறியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நீலப் பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி, செருப்புத் தீய்ந்த நாற்றம் அடித்தது.

"படகச் சுட்டுத் திங்கப் போறயா?"

திரும்பிப் பார்த்தால் களத்தின் நடுவில் நிற்கிறார். கையில் தடி இருந்தது, ஆனால் ஊன்றவில்லை, என்னை நோக்கி ஓங்கியிருந்தது. எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அப்பறம் என்னங்க, கட்டல்ல கெடந்தா காஞ்சுருமா? நானும் எத்தன பண்றது? நீங்க வந்து காட்டுங்க" என்று விசிறியை வீசி எறிந்தேன். பக்கத்துக் காட்டு அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

"உளியக் கொண்டா" என்றார்.

பலகையின் உள்பக்கத் தோலை ஓரமாக அறுத்துப் பெயர்த்தார். உள்ளே பிளைவுட் இருந்த இடத்தில், அழுகிய மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஒன்று இருந்தது. கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டார். நாற்றம் குடலைப் புரட்டியது. இத்தனை நாள் நான் திருப்பிப் போட்டுப் பத்திரமாக மூடிக் காய வைத்தது இதைத்தான். அவர் ஒரு கையளவு எடுத்து என்னிடம் நீட்டி, "கடிச்சுப் பாரு, காய்ச்சல் பத்துமா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போங்க அந்தப்பக்கம் என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொலைத்தது.

அதன் பிறகு அவர் பகலில் கட்டிலுக்குப் போகவில்லை. களம் சமதரை, உட்கார்ந்து செய்கிற வேலை, யார் தோளும் வேண்டாம். வீட்டில் கதவுக்கென்று அறுத்து வைத்திருந்த பலாப் பலகையை இழைத்து, இரண்டு தோலுக்கும் நடுவில் இறக்கினார். மெக்கானிக் கீழேயிருந்து பைபர் பசை வாங்கிவந்து ஒட்டிக் கொடுத்தார். நான் போட்ட ஓட்டைகளை என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக அடைத்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டோடு. நான் எண்ணவில்லை, அவர் எண்ணினார்.

பசை இறுகியதும் மெக்கானிக் தட்டிப் பார்த்து, இனி யானையைக் கட்டலாம், மோட்டாரை எடுங்கள் அண்ணா என்றார். இவர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மோட்டாரு ஓடுனா நான் சும்மா உக்காந்துருக்கோணும். சும்மா உக்காந்தது போதும்."

மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சாயம்போன பழைய துடுப்புகள் இரண்டும் படகோடுதான் வந்திருந்தன, கொட்டகையில் கிடந்தன. என் வீட்டுக்காரர் அவற்றைத் தேய்த்து எண்ணெய் போட்டு, படகின் இரண்டு பக்கமும் கயிற்று வளையத்தில் மாட்டினார்.

குளத்துக்கு இறக்குகிற அன்று பூசை போட்டோம். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். படகுக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கரையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பக்கத்துக் காட்டு அக்கா பழங்களைப் படகின் மூக்குக்கு அடியில் வைத்தார், தள்ளியபோது அவை நசுங்காமல் தண்ணீரில் மிதந்து போயின. நசுங்காவிட்டால் பரவாயில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் நான்தான் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது, கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனாலும் ஏறினேன். மூழ்கினால் ஒன்றாக மூழ்கலாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பின்பலகையைப் பிடித்துக்கொண்டேன். பலகை சொட்டுக்கூடக் கசியவில்லை. அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து, நல்ல காலை முட்டுக்கொடுத்துத் துடுப்பை இழுத்தார். லாரி ஸ்டியரிங்கை ஒடித்த கை அது. படகு சறுக்கிக்கொண்டு போனது. அவருக்கு மூச்சு வாங்கியது, கழுத்தில் வேர்த்தது. எதிர்க் கரையில் கொண்டுபோய் ஒட்டினார்.

"நீ எறங்கு புள்ள. ஒரு சுத்து போயிட்டு வாரேன்."

இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. லாரி எடுக்கிற ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று சொல்வார், போயிட்டு வாரேன் என்று. இரண்டு வருடமாக அதைச் சொல்ல அவருக்கு அவசியமே வரவில்லை. எங்கே போனாலும் என் தோளும் கூடப் போயிற்றே, யாரிடம் சொல்வார்?

அவர் துடுப்பை இழுக்க இழுக்கப் படகு என்னை விட்டு விலகியது. தூக்கம் கெட்டு, பயந்து பயந்து நான் இரண்டு வருடம் வேண்டிக்கொண்டது இதுதான், இவர் தனியாக எங்காவது போய்விட்டு வர வேண்டும் என்பது. அது நடந்தபோது எனக்குத் தாங்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். லாரியில் போகிறபோதும் அழுதிருக்கிறேன், கல்யாணமான புதிதில். அப்போது அவர் ரோட்டைப் பார்த்துப் போய்விடுவார், அவருக்குத் தெரியாது. துடுப்பு இழுக்கிறவர் போகிற பக்கம் பார்க்க மாட்டார், விட்டுவந்த கரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏ புள்ள, எதுக்கு அழுவற?" என்று நடுக்குளத்திலிருந்து குரல் வந்தது.

"அழுவுலீங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.