பழுப்பு மேஜைக்காரி உருக்கிய சாக்லேட்

பத்தொன்பது வருடம், நான்கு மாதம். இத்தனை காலமாக ஒரு பெண், முன்பின் தெரியாதவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து சம்பளம் வாங்கிவருகிறாள். வயது நாற்பத்தாறு. வாரத்தில் ஆறு நாள் வேலை, புதன்கிழமை விடுமுறை.

ஏழு ஹோட்டல்களின் துணி அந்தச் சலவைக் கூடத்துக்கு வருகிறது. வண்டியிலிருந்து இறங்கும் மூட்டைகள் முதலில் போவது கறை பிரிக்கும் அறைக்கு. அங்கே நான்கு மேஜைகள். ஒன்று ரத்தத்துக்கு, ஒன்று மைக்கும் உதட்டுச் சாயத்துக்கும், ஒன்று எண்ணெய்க்கு. நான்காவது பழுப்பு மேஜை. டீ, காபி, சாக்லேட், துரு, சேறு எல்லாம் அங்கேதான் வரும். வாயால் சொல்லக் கூசும் இன்னொன்றும் அங்கேதான் வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மாற்றிப் போட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். விரிப்பைக் கிழித்துத் தரை துடைக்கத்தான் கொடுக்க வேண்டும். கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்பு. ஆகவே முகர வேண்டும். முகர்ந்து, எது எது என்று சொல்லி, அந்தந்தக் கூடையில் போட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு துணிக்குக் குறையாது.

கூடத்தில் எல்லோரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதையாகத்தான்.

படுக்கையைச் சரிசெய்யும்போது தலையணை மேல் இரண்டு சாக்லேட் வைப்பது அந்த ஹோட்டல்களின் பழக்கம். விருந்தாளி பார்க்காமல் படுத்துவிடுவார். உடம்புச் சூட்டில் அது உருகி, விரிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இழுபடும். மறுநாள் மூக்கக்காவின் மேஜைக்கு வரும். சாக்லேட்தானா, அந்த இன்னொன்றா என்று அவள்தான் சொல்ல வேண்டும். தலையணையில் சாக்லேட் வைக்கலாம் என்று முதன்முதலில் யோசித்த மனிதரை அவள் இதுவரை நேரில் சந்தித்ததில்லை. சந்தித்தால் அந்த ஆள் உருப்படியாக வீடு திரும்ப மாட்டார் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வீட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு பொருளும் கிடையாது. சோபா உறை பச்சை, திரை நீலம், மிதியடி சிவப்பு. டீயைக்கூடப் பால் தூக்கலாக ஊற்றி வெளுப்பாகத்தான் குடிப்பாள். "எங்க கல்யாணத்துல நான் பழுப்புச் சட்டைதான் போட்டிருந்தேன். அப்போ இவளுக்கு இந்த வேலை கிடைக்கல, தப்பிச்சேன்" என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் போன திங்கட்கிழமை அவளுடைய தங்கை ஃபோன் செய்தாள்.

தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம்தான் கரையில் இருப்பார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த கஃபே ஒன்று அவளிடம் மாதிரிக்கு முப்பது துண்டு சாக்லேட் கேக் கேட்டிருந்தது. புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கொடுக்க வேண்டும். பிடித்துப்போனால் வாரா வாரம் ஆர்டர். கேக் தட்டை எடுக்க ஸ்டூல் மேல் ஏறியவள் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, புதன்கிழமை உனக்கு லீவுதானே?"

"எதுக்குக் கேக்குற?"

"சாக்லேட் உருக்கணும்."

மூக்கக்கா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "வேற யாரும் அம்புடலயா உனக்கு?" என்றாள்.

"வேற யாரு இருக்கா? இந்த ஆர்டர் நிலைச்சுடுச்சுன்னா ஒத்த ஆளால செய்ய முடியாதுக்கா. நீயும் வந்துடு. ஆளுக்குப் பாதி. அந்த மேஜையத் தலைமுழுகிட்டு வந்துடு."

அந்த மேஜையிலிருந்து எழுந்துபோக அவள் பதினெட்டு வருடமாக வழி தேடிக்கொண்டிருந்தாள். தையல் கற்றுப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு எழுதிப் போட்டாள். ஒன்றும் அமையவில்லை. இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. அதுவும் சாக்லேட் வழியாக வந்திருக்கிறது. பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் வீடு கட்டின கதைதான்.

"வர்றேன்" என்றாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள், முகத்தில் சலவைக் கூடத்து முகமூடியோடு. ஒன்றல்ல, இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. கூடவே கணவரும் வந்திருந்தார். தங்கை கேக் சுடும் ஓவனில் கதவு சரியாக மூடவில்லை, கீல் தளர்ந்திருந்தது. மதியம் வேலைக்குப் போகுமுன் அதைச் சரிசெய்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சிறிய சமையலறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடை மேல் கேக்குக்கான சாக்லேட் மூன்று பாளம், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. முப்பது துண்டுக்கு ஒன்று போதும். அதை விற்கும் கடை ஊரின் மறுகோடியில் இருந்தது. போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொன்னாள். "பொடியா நறுக்கு. கீழ் பாத்திரத்துல ரெண்டு விரல் தண்ணி. மேல கிண்ணத்தை வை, ஆனா கிண்ணத்தோட அடி தண்ணியத் தொடக்கூடாது. தண்ணி தளதளன்னு கொதிக்கக்கூடாது, முணுமுணுக்கணும், அவ்ளோதான். கிண்ணத்துல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படக்கூடாது."

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டா என்னடி ஆகும்?"

"பட்டாத் தெரியும்."

மூக்கக்கா நறுக்கினாள். கத்தி இறங்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துகள்கள் விரலில் ஒட்டின. ஒவ்வொரு முறையும் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். "இப்படிக் கழுவினா சாயந்திரம் ஆகிடும். ஒட்டட்டும், அது என்ன கடிக்கவா போகுது?" என்றாள் தங்கை. அப்போது கஃபேகாரம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. தங்கை எழுந்து பால்கனிக்குப் போனாள்.

கிண்ணத்தில் சாக்லேட் அசையாமல் கிடந்தது. மூக்கக்கா இரண்டு நிமிடம் பார்த்தாள். சலவைக் கூடத்தில் முரட்டுக் கறைக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஈரத்துணியால் மூடி வைத்தால் ஆவி உள்ளே இறங்கி, காய்ந்து இறுகியதெல்லாம் தானாகவே இளகிவிடும். அவசரப்பட்டுச் சுரண்டாதே, மூடி வை என்பதுதான் அங்கே முதல் பாடம். அவள் ஒரு துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கிண்ணத்தின் மேல் பக்குவமாகப் போர்த்தினாள்.

நான்கு நிமிடம் கழித்துத் துணியை எடுத்தாள். கிண்ணத்தில் இருந்தது சாக்லேட்டே இல்லை. மினுக்கம் செத்து, திரிதிரியாகத் திரண்டு, கரண்டியோடு மொத்தமாக எழுந்துவரும் ஒரு பழுப்புக் கட்டி. ஏழு ஹோட்டல் விரிப்பைப் பார்த்தவளுக்கு அது எதைப்போல் இருந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. முகமூடியைப் பிடித்தபடி குளியலறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது தங்கை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா செஞ்ச?"

"துணி போட்டு மூடினேன்."

"ஈரத்துணியா?"

"பிழிஞ்சுதான்டி போட்டேன்."

"தண்ணி படக்கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே."

"தண்ணி எங்க பட்டுது? ஆவிதானே பட்டுது."

ஓவனுக்குள் தலையை விட்டிருந்த கணவர் அங்கிருந்தே, "அவங்க கம்பெனில ஆவி வேற ஜாதி, தண்ணி வேற ஜாதி" என்றார்.

"நீங்க கீலைப் பாருங்க" என்றாள் மூக்கக்கா.

இரண்டாவது பாளம், வேறு கிண்ணம். இந்த முறை துணி இல்லை. தங்கை ஹால் மேஜையில் இடது கையால் மாவு சலித்துக்கொண்டே, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டபடி இருந்தாள். சாக்லேட் ஓரங்களில் இளக ஆரம்பித்தது. மூக்கக்கா கிளறினாள், அதிகம் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி. கிளறியபடியே, வாரா வாரம் இதைத்தானே செய்ய வேண்டும் என்று நினைத்தாள். முகமூடியை மூக்குக்கு மேல் இன்னும் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

திடீரென்று ஹாலிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அக்கா, தீயுது."

"இல்லையே. எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"இங்க வரைக்கும் வாடை வருது."

கிண்ணத்தைத் தூக்கினாள். அடியில் கருகல், மேலே மணல் மணலாகத் திரிந்த குழம்பு. கீழே தண்ணீர் தளதளவென்று கொதித்துக் கிண்ணத்தின் அடியை அறைந்துகொண்டிருந்தது.

"யாரு அடுப்பைக் கூட்டினது?"

கணவர் திருகாணியைக் கையில் வைத்து உருட்டினார். "நான்தான் கொஞ்சமா. நாலு மணிக்குக் குடுக்கணுமேன்னு. விளக்கு மாதிரி எரிஞ்சுட்டிருந்துது."

"இனி அடுப்புப் பக்கம் வந்தீங்கன்னா, அந்த ஓவனுக்குள்ளயே தள்ளிக் கதவ மூடிடுவேன். கீல்தான் சரியாயிடுச்சே."

அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படி இறங்கும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

மேடையில் ஒரே ஒரு பாளம் மிச்சம். மணி பன்னிரண்டரை. தங்கை ஸ்டூலை அடுப்பருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை எழவில்லை.

"முகமூடியக் கழட்டு."

"மாட்டேன்."

"தீயுற வாடை எனக்கு ஹால்ல வருது. ரெண்டடில நிக்கிற உனக்கு வரல. மூக்க மூடிக்கிட்டு இதை உருக்க முடியாதுக்கா. எனக்கு ஜலதோஷம்னா நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

"கழட்டினா வாந்தி எடுப்பேன்டி."

"எடு. கிண்ணத்துல மட்டும் எடுக்காத."

மூக்கக்கா மேல் முகமூடியைக் கழற்றினாள். பிறகு இரண்டாவதையும் கழற்றி இடுப்பில் செருகினாள்.

அப்போது வந்தது வாசனை. ஏழு ஹோட்டல்களும் ஒருசேர அந்தச் சமையலறைக்குள் நுழைந்தாற்போல் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு தடவை குமட்டினாள். தங்கை ஒரு வாளியைக் காலால் நகர்த்தி வைத்தாள். வாளிக்கு வேலை வரவில்லை.

புதுக் கிண்ணம் ஒன்றை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்தாள். இன்னொரு உலர்ந்த துணியால் மறுபடியும் துடைத்து, கடைசிப் பாளத்தை நறுக்கி அதில் போட்டாள். கீழே தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே அடுப்பை அணைத்துவிட்டாள்.

"ஏன் அணைச்ச?"

"பழுப்புக் கறைக்குத் தண்ணி மணிக்கட்டுச் சூட்டுக்கு மேல போகக்கூடாது. போனா வெந்து ஒட்டிக்கும். அங்க அதான் கணக்கு. இதுவும் அதே சனியன்தானே."

தங்கை எட்டிக் கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கணக்கு சரிதான்.

பிறகு மூக்கக்கா கிளறினாள், கிண்ணத்தை நேராகப் பார்த்தபடி. முதலில் புளித்த வாடை வந்தது. அது மெல்ல விலகி, கொழுப்பு வாடை வந்தது. அதற்கடுத்து எது வரும் என்று அவளுக்குத் தெரியும். சலவைக் கூடத்தில் யாராவது தவறிக் கொதிநீரில் துணியைப் போட்டால் காகிதம் பொசுங்குவதுபோல் ஒன்று வரும். அது வருவதற்கு வெகு முன்பே, கிண்ணத்தில் இன்னும் கால்பங்கு கட்டியாக இருக்கும்போதே, அவள் கிண்ணத்தைத் தூக்கி மேடை மேல் வைத்துவிட்டாள். அடியில் இருந்த ஈரத்தை உடனே துடைத்தாள். மிச்சக் கட்டிகள் அதனதன் சூட்டிலேயே கரைந்தன. கரண்டி நுனியால் ஒரு துளி எடுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. அந்தப் பழுப்புப் புள்ளியைப் பார்த்ததும் அவளுடைய மற்றக் கை தானாகவே கறை மருந்துப் புட்டியைத் தேடி மேடையைத் தடவியது.

கரண்டியைத் தூக்கினால் சாக்லேட் அறுபடாமல் நூலாக இறங்கியது. அழகாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. "எண்ணெய் மேஜைக்கு வர்ற விரிப்பு மாதிரி பளபளன்னு கெடக்கு" என்றாள். தங்கை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

வெண்ணெய், முட்டை, மாவு எல்லாம் தங்கையின் வாய்ச் சொல்லில், அக்காவின் கையில் நடந்தன. ஓவன் கதவு நன்றாக மூடியது. மூன்றே காலுக்கு முப்பது துண்டுகள் தயார்.

நான்கு மணிக்குக் கஃபேகாரம்மா தானே வந்தார். நின்றபடியே ஒரு துண்டைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். கட்டைவிரலை நக்கினார், நக்கிய விரலை, கைப்பையிலிருந்து எடுத்த வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தார். சகோதரிகள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் அது. மூக்கக்கா கைக்குட்டையைப் பார்த்தாள்.

"வெந்நீர்ல போட்டுடாதீங்க" என்றாள். "பச்சைத் தண்ணில பின்பக்கமா அலசுங்க. அப்புறம் சோப்பு."

கஃபேகாரம்மா சிரித்துவிட்டார். "சரி. இதே மாதிரி வாரா வாரம் புதன்கிழமை நூறு துண்டு வேணும். இதே ஆள்தானே செய்வீங்க?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா பாத்திரங்களைத் தொட்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு கெட்டுப்போன இரண்டு கிண்ணங்களையும் கழுவிக்கொண்டே மூக்கக்கா பேசினாள். திரண்டுபோன முதல் கட்டியைச் சுரண்டும்போது உதடு கோணிக்கொண்டது.

"நாத்தம் நாத்தம்தான். எனக்கு இது என்னைக்கும் பிடிக்காது, சொல்லிட்டேன்."

"அப்போ வர மாட்டியா?"

"அங்க ஒவ்வொரு துணியையும் தூக்குறப்போ, இது எதுவா இருக்குமோன்னு நெஞ்சு திக்குதிக்குன்னு இருக்கும்டி. பத்தொன்பது வருஷமா. இங்க எதுன்னு முன்னாடியே தெரியுது. அதுவே போதும்."

"ஒரு துண்டு தின்னுதான் பாரேன்."

"செருப்பு பிஞ்சிடும்."

வரும் திங்கட்கிழமை அவள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறாள். நோட்டீஸ் காலம் முப்பது நாள். அதுவரை புதன்கிழமை மட்டும் தங்கை வீட்டுக்கு வருவாள். அடுத்த புதனுக்கு ஒன்றே முக்கால் கிலோ உருக்க வேண்டும்.