கிளைத் தலைவருக்குப் போட்ட வெறும் இலை

இன்று மதியம் புக்கிட் செலம்பாவில், சரோஜா அக்காவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை.

ஓட்டுக் கேட்டு எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டே வந்தாரே, அந்தக் கட்சிக் கிளைத் தலைவர் எனக்கு எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தார்.

அக்கா அவருக்கு இலை போட்டுக்கொண்டே கேட்டார். "தம்பி, ஓட்டுப் போட்ட மறுநாளே பைப்புல தண்ணி வரும்னீங்க. நான் இன்னைக்கும் வாளியத் தூக்கிக்கிட்டுத்தான் அலையறேன்."

"எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கலையேக்கா. யாரு ஆட்சின்னு மேல பேசிக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க, சபார் லா."

அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

என் இலைக்குச் சோறு வந்தது. பக்கத்து மேசைக்கு மீன் குழம்பு வந்தது. தலைவரின் இலையில் அவரே தெளித்துத் துடைத்த தண்ணீரின் ஈரம் மட்டும்தான்.

"அக்கா, எனக்குச் சோறு?"

"உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க தம்பி. உங்களுக்கு யாரு பரிமாறுறதுன்னு இன்னும் முடிவாகலை. சபார் லா."

நான் அவர் காதில் விழும்படி எனக்கும் மீன் குழம்பு கேட்டேன். ஓட்டுப் போட்ட மை இன்னும் போகாத விரலோடு அக்கா அள்ளி அள்ளி ஊற்றினார்.

கடைசியில் தலைவர் எழுந்தார். எழுந்தவர், பழக்கதோஷத்தில், வயிறாரச் சாப்பிட்டவர் மாதிரி அந்த வெறும் இலையை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

பாலிங் ஊர் நண்பர்களே, மனிதர் பசியோடு உங்கள் பக்கம்தான் வண்டியைத் திருப்பினார். உங்கள் கடைகளில் இலை இருக்கிறதுதானே?