குடைகளுக்கு நடுவே ஒரு துப்பாக்கி

இத்தாலியின் பலேர்மோ நகரில் கபோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், கலோஜெரோ என்ற கிழவரின் வாசலில் ஒரு பித்தளைச் சாடி இருந்தது. அதில் இரண்டு குடைகளும் ஓர் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியும் செருகியிருக்கும். துப்பாக்கிக்குள் எப்போதும் தோட்டா. அந்தக் கிழவரை வருடக்கணக்காகக் குளிப்பாட்டி, ஊட்டி, சக்கர நாற்காலியில் தள்ளித் திரிந்த ஜெயரட்ணம், காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"தோட்டாவைக் கழற்றிப் பூட்டி வையுங்கள், சிஞ்ஞோரே" என்று இத்தாலிய மொழியில் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

"நாற்பது வருடமாக இங்கேதான் நிற்கிறது. ஒருநாளாவது உன்னைக் கடித்ததா?" என்று கிழவர் சிரிப்பார்.

ஒருமுறை ஜெயரட்ணமே தோட்டாக்களை எடுத்து அலுமாரியில் வைத்தார். கிழவர் "கள்ளன்" என்று கத்தினார். மகன் சால்வோ வந்து, "இனித் தொட்டால் வேலை போகும். அதற்குப் பிறகு இந்த நாட்டில் தங்கும் பெர்மெஸ்ஸோவை எப்படிப் புதுப்பிக்கிறாய் என்று பார்க்கிறேன்" என்று உறுமிவிட்டு, தோட்டாக்களைத் திரும்பப் போட்டான்.

நிரப்பிய துப்பாக்கி என்ன செய்யும் என்று ஜெயரட்ணத்துக்குத் தெரியும். யாழ்ப்பாணம் குருநகரில் அவருடைய தம்பி றெஜி பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனவன். சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். ஜெயரட்ணம் திறந்தார். கீழ்த்தாடை இல்லை. அது எதிரி சுட்டதல்ல. முகாமில் சோறு தின்னும்போது எவனோ சாய்த்து வைத்த துவக்கு சரிந்து வெடித்தது. பக்கத்தில் இருந்த பையன் அழுதுகொண்டே சொன்னான். மதிலிலோ 'வீரச்சாவு' என்று சுவரொட்டி. அந்தப் பொய்யைப் பார்த்து அதே ஒழுங்கையிலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் புறப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

இப்போது பேத்தி மொனிகா. பலேர்மோவில் பிறந்தவள். குடியுரிமை கிடைத்ததும் இத்தாலிய இராணுவத்துக்கு விண்ணப்பித்தாள். ஓட்டத்திலும் மருத்துவச் சோதனையிலும் தேறிவிட்டாள். அவளுடைய தாய், ஜெயரட்ணத்தின் மகள் சுஜானி, சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து வெறுங்காலோடு மலையேறி வந்தாள். பிள்ளையைத் துப்பாக்கிக்கு அனுப்ப ஒரு புனிதையின் சிபாரிசு!

"கிழட்டுச் சிஞ்ஞோராக்களைத் தூக்கித் தூக்கி அம்மான்ரை முதுகு போச்சு, அம்மப்பா" என்றாள் மொனிகா. "அரசாங்க வேலை, நிரந்தரச் சம்பளம். எங்கடை ஆக்களுக்கு வேறை ஆர் தருவினம்?"

"சம்பளம் தருவினம். என்னத்துக்குத் தருகினம் எண்டு கேட்டியோ?"

"மடோன்னா! நான் என்ன சொன்னாலும் உங்களுக்கு றெஜித் தாத்தான்ரை கதைதான்."

வேறு யார் தருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதுதான் அவரை எரித்தது. ஏழைப் பிள்ளைக்கு எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, படைமுகாமின் கதவை மட்டும் அகலத் திறந்து வைப்பதற்கு எல்லா நாடும் ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் மொனிகா அவருக்குச் சோறு கொண்டு கபோவுக்கு வந்தாள். அவள் தேறிய செய்தி கேட்ட கிழவர் குதூகலித்துப்போனார். "இந்த வீட்டுக்கும் ஒரு சிப்பாய்!" என்று நாற்காலியைச் சாடிப் பக்கம் உருட்டி, துப்பாக்கியை உருவி அவள் கையில் திணித்தார். "பிடி, பார்ப்போம்!"

"வைச்சிடு பிள்ளை! உள்ளுக்குத் தோட்டா கிடக்கு!" ஜெயரட்ணம் குசினியிலிருந்து ஓடிவந்தார். அந்தக் குரலுக்கு அவள் திடுக்கிட்டுத் திரும்ப, குழல் கிழவரின் நெஞ்சுக்கு நேரே வந்தது. ஜெயரட்ணம் குழல்வாயைப் பிடித்துத் தள்ளினார். வெடித்தது.

இடக்கையின் மோதிரவிரலும் சின்னவிரலும் இல்லை. சதையும் எலும்புத் துணுக்கும் கிழவரின் வெள்ளைச் சட்டையில் தெறித்திருந்தன. சுவரிலிருந்து காரை பொத்தென்று விழுந்தது. கிழவர் இருந்த இடத்திலேயே மூத்திரம் போனார். பீச்சியடித்த இரத்தத்தை மொனிகா தன் சால்வையால் இறுக்கிக் கட்டினாள்; கட்டும்போது மிருகம்போல் அலறினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கராபினியேரிப் பொலிஸ்காரர் வருமுன்னே சால்வோ வந்துவிட்டான். "நீ துடைக்கும்போது வெடித்தது என்று சொல். அப்பாவின் லைசன்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது." பிறகு மொனிகாவைக் காட்டினான். "இவள் கையில் வெடித்தது என்றால் இவளுடைய இராணுவம் அதோடு சரி. யோசி."

அவனுடைய தகப்பனின் உயிரைக் காத்த கை கட்டோடு கிடந்தது. அதன்மீதே பழியைப் போட அவன் வாய் கூசவில்லை.

"அவன் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோ அம்மப்பா" என்று மொனிகா காதுக்குள் கெஞ்சினாள். "என்ரை பேர் வரவேண்டாம்."

கராபினியேரி வந்து கேட்டபோது ஜெயரட்ணம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். தோட்டா இருந்தது. கிழவர் எடுத்துக் கொடுத்தார். பேத்தி வாங்கினாள். அவள் கையில் வெடித்தது. பெயர் கேட்டார்கள், எழுத்தெழுத்தாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் அவளைத் தடுக்கலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

துப்பாக்கியைக் கொண்டுபோனார்கள். கிழவர்மேல் வழக்கு. ஜெயரட்ணத்துக்கு வேலை போயிற்று. விசாரணை முடியும்வரை மொனிகாவின் விண்ணப்பம் நிறுத்தப்பட்டது.

"காட்டிக் குடுத்திட்டீங்கள்" என்றாள் அவள். ஊரில் அந்தச் சொல்லுக்காக ஆட்களை விளக்குக்கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள்.

"ஓம். காட்டிக் குடுத்திட்டன்."

கோடை முழுவதும், சீசாப் பகுதியில் அவர்கள் ஒன்றாக இருந்த வீட்டில், அவள் அவரோடு கதைக்கவில்லை. சந்தையில் ஒரு சப்பாத்துக் கடைக்கு வேலைக்குப் போனாள், வந்தாள், கதவை அடித்துச் சாத்தினாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஒரு பின்னேரம் அவள் வாசலில் நின்று சொன்னாள்: "விசாரணை முடிஞ்ச உடனை திரும்பவும் விண்ணப்பம் போடுவன்."

ஜெயரட்ணம் மூன்று விரல் மிஞ்சிய இடக்கையால் வெங்காயத்தை அமத்திப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தார்.

"போடு பிள்ளை" என்றார். "பிடிச்சுத் தள்ள எனக்கு இன்னும் எட்டு விரல் கிடக்கு."