சவுரிமுத்து தூங்கட்டும்

ஏஞ்சலுக்கு வேலை என்னவென்றால், லாரி டிரைவர்களுக்குப் போன் போட்டு, "இன்ஜினை அணைங்கண்ணா" என்று சொல்வது. இதற்கும் ஒரு ஆளா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. பெருங்களத்தூரில் ஒரு லாரி ஆபீஸ், மாடியில். எந்த வண்டி நின்ற இடத்தில் டீசல் குடித்தாலும் அவள் கம்ப்யூட்டர் மேப்பில் அதன் புள்ளி சிவப்பாகிவிடும். உடனே கூப்பிட வேண்டும். முடிச்சூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இதே பாட்டுதான். அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது. டிரைவர்கள் அவள் நம்பரை 'ஆஃப் பண்ணு ஏஞ்சல்' என்றுதான் பதிந்து வைத்திருந்தார்கள்.

அன்று கத்திரி வெயில். மறைமலை நகரில் ஒரு கம்பெனி வாசலில் சரக்கு இறக்க லாரி வரிசை. அதில் சவுரிமுத்துவின் வண்டி சிவப்பு. கூப்பிட்டாள், அணைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு. மறுபடி கூப்பிட்டாள்.

"இன்னாம்மா நீ, கண்ணு சொருவும்போதெல்லாம் கரெக்டா எழுப்புற! ராவெல்லாம் ஓட்டிக்கினு வந்தவன். ஏசிய நிறுத்துனா கேபினு இட்லி குண்டான் மாரி கீது. நைட்டு தூத்துக்குடி லோடு வேற. தூங்காம எப்டி ஓட்றது?"

டீசலை மிச்சம் பிடிக்கப் போய் மனுஷனின் தூக்கத்தையல்லவா பிடுங்கியிருக்கிறோம் என்று ஏஞ்சலுக்குச் சுருக்கென்றது.

"ஓடட்டும்ணா. படுங்க."

முதலாளி அனந்தகிருஷ்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "சவுரிமுத்து வண்டி ரெட்லயே இருக்கே. கால் பண்ணலையா?"

"பண்ண மாட்டேன் சார்."

"ரூலை நீங்களே மாத்திட்டீங்களா?"

"நைட்டு தூத்துக்குடிக்கு வேற ஆளை அனுப்புங்க. இப்பவே அணைக்கச் சொல்றேன்."

"வேற யாரும்மா இருக்கா?"

"அப்போ அவர் தூங்கியே ஆகணும் சார். கண் அசந்து எதுலயாவது மோதினா, டீசல் மிச்சம்னு சந்தோஷப்படுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு மட்டும்" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

அப்பாடா என்று சாயக்கூட இல்லை, மறைமலை நகர் கம்பெனி வாசல் காவலாளி போனில் கூப்பிட்டான். வரிசை நகர்ந்துவிட்டதாம், சவுரிமுத்து வண்டி மட்டும் அசையவில்லையாம். ஒரு போன் போட்டால் எழுந்துவிடுவார். ஏஞ்சல் போடவில்லை. வரிசையில் தூங்குகிறவர்கள் கதவைப் பூட்டுவதில்லை. பின்னால் நிற்கிறவன் ஏறி நகர்த்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். பின்னால் நின்றது இவர்கள் ஆபீஸ் டிரைவர் ஆஸ்டினின் வண்டிதான்.

"ஆஸ்டின், சவுரி அண்ணன் வண்டியை நீயே நகத்திடு. எழுப்பாதே."

"அவரு தூங்க நான் ரெண்டு வண்டி ஓட்டணுமாக்கா? அப்டியே தாலாட்டும் பாடவா?"

"ஐயோ வேணாம், முழிச்சிக்குவாரு."

"சரி, அப்ப நானும் ஏசி போட்டுக்குவேன்."

"நைட்டு உனக்கு லோடு இருக்கா?"

"இல்ல."

"அப்போ ஜன்னலைத் தொற."

"பேஜாருக்கா நீ!"

சற்று நேரத்தில் சவுரிமுத்துவின் புள்ளி மெல்ல ஊர்ந்து, முன்னால் போய் நின்று மறுபடி சிவப்பானது. அவர் எழுந்த மாதிரி தெரியவில்லை. பின்னாலேயே ஆஸ்டினின் வண்டியும் ஊர்ந்து வந்து நின்றது. நின்றதுதான் தாமதம், அதுவும் சிவப்பு.

ஏஞ்சல் போனை எடுத்தாள். அந்த வெயிலில் இரண்டு வண்டிக்கும் ஏறி இறங்கி ஓடியிருக்கிறான். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ வாங்கக் கீழே இறங்கினாள்.