உம் கொட்டிய பெட்டி

எனக்குப் பெருமையடித்துக்கொள்ளப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், எங்கள் வீட்டு மாடியறையில், கிணற்று மோட்டாருக்கான பெட்டி ஒன்றை நானே வடிவமைத்து, நானே சால்டர் வைத்துச் செய்கிறேன். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்டு குறையும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன பிராசசர் அதைக் கவனித்து மோட்டாரை நிறுத்திவிடும். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் எரிந்துபோகும் என்பதை எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதல் பெட்டியை வாங்கியவர் ஒக்கூரில் நிலக்கடலை போட்டிருந்த ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் சிங்கப்பூரில் இருந்ததால் வயல் முழுக்க இவர் பொறுப்பு. பெட்டியை மாட்டிய நாலாவது வாரம் போன் செய்தார்.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு. வந்து பாக்குறீகளா?"

போனேன். கிணற்றில் சேறுதான் இருந்தது. மோட்டாரிலிருந்து கருகிய வாடை. பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி அழகாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. 'புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது, எல்லாம் நலம்' என்பதற்காக நான் வைத்த விளக்கு அது.

"இங்குட்டு கரண்டு ரொம்ப ஏறி எறங்குதுக்கா, அதான்…" என்று இழுத்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணைன்னாளாம்" என்றார் அக்கா. "எங்க பழைய ஸ்டார்ட்டருக்கும் இதே கரண்டுதான் வந்துச்சு. கடலையில விழுது மண்ணுல எறங்கிக் காய் பிடிக்கிற நேரம். மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டக் குடுக்கப்போறேன். இன்னொரு தடவ எரிஞ்சா இந்தப் பெட்டியக் கழட்டிட்டுப் போயிருங்க. அப்புறம் ஒக்கூர் பக்கம் பெட்டி விக்க வந்துறாதீக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

வீட்டுக்கு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சுவிட்சை வைத்து, அது தானாக ஓயாமல் தட்டும்படி விட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் பொறி பறக்கும். அந்த அதிர்ச்சியில் பிராசசர் எப்போதாவது தன் புரோகிராமில் இருக்கும் இடத்தை விட்டு வேறெங்கோ தாவிவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். பாதி வழியில் பஸ் மாறி ஏறியவர் கதைதான். ஆனால் இதற்கென்றே சிப்புக்குள் வாட்ச்டாக் என்று தனிக் காவல் இருக்கிறது. புரோகிராம் குறித்த நேரத்துக்குள் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடாவிட்டால், புரோகிராமுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கும். அதை நான் வைத்திருந்தேன். இருந்தும் அந்தத் தாவல் ஏன் அதற்குப் பிடிபடவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது இதை என் கணவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். கண் செல்போன் கிரிக்கெட்டில், கை சோற்றில். "ம்… ம்…" என்று ஒழுங்காக உம் கொட்டிக்கொண்டிருந்தார். நான் பேச்சை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் ஒரு "ம்" வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"மோட்டாரு… ஏதோ எரிஞ்சு…"

வேறொரு நாளாக இருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும். நான் எச்சில் கையோடு மாடிக்கு ஓடினேன். என் பெட்டியும் இதைத்தான் செய்திருந்தது. காவலைத் தொடும் வேலையையும் பச்சை விளக்கையும், சிப்புக்குள் தானாக அடிக்கும் ஒரு கடிகாரத்திடம் நான் ஒப்படைத்திருந்தேன். புரோகிராம் எங்கே தொலைந்தாலும் அந்தக் கடிகாரம் மட்டும் உம் கொட்டிக்கொண்டிருந்தது. எழுதியவள் நான். கரண்டு மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிராசசருக்கு வெளியே தனியாக ஒரு காவல் சிப் வைத்தேன். அதற்கு "ம்" போதாது. 'நான் என்ன சொன்னேன்?' என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும். கரண்டை அளந்தது, அளவோடு ஒப்பிட்டது, மோட்டாருக்கு உத்தரவு கொடுத்தது என்று ஒவ்வொரு படியையும் வரிசையாகக் கடந்தால்தான் சரியான பதில் கிடைக்கும். முந்திக்கொண்டு சொன்னாலும் தப்பு. பதில் தப்பினால் முதலில் மோட்டாரை நிறுத்தும், அப்புறம்தான் பிராசசரை எழுப்பும். தொலைந்த புரோகிராமைப் பிடித்த ஒவ்வொரு முறையும் கணக்கு வைத்துக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் அத்தனை முறை சிவப்பு விளக்கு அடிக்கும். பழைய சுவிட்சை வாரம் முழுக்கத் தட்டவிட்டும் ஒரு தடவைகூட அது ஏமாறவில்லை. மாடியில் நான் மட்டும் தனியாக நின்று சிரித்தேன்.

காயில் கட்டிய மோட்டார் வந்த அன்று புதுப் பெட்டியோடு ஒக்கூர் போனேன். கிணற்றடியில் நின்றே சொன்னேன்.

"கரண்டு மேல தப்பில்லக்கா. நான் எழுதுனதுதான் தப்பு."

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதுக்கா."

"தெரியலைன்னு சொல்லிருக்கலாம்ல?"

கண்ணடித்துக்கொண்டிருந்த பச்சை விளக்கு அன்றைக்கு அங்கே ஒன்றல்ல, இரண்டு; இரண்டாவது நான். பெட்டியை மாட்டினேன். அக்கா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார், சிரிக்கவில்லை.

கடலை பிடுங்கிய பிறகு கூப்பிட்டார். வரப்பெல்லாம் கொடி காய்ந்துகொண்டிருந்தது. பெட்டியில் பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு மூன்று முறை அடித்தது.

"புரோகிராம் மூணு தடவ தடம் மாறிருக்கு. மூணு தடவையும் மோட்டார நிறுத்திட்டுத் தானா சரியாகிருக்கு."

"எனக்குத் தெரியவே இல்லையே!" என்றார் அக்கா. பிறகு, "கண்டரமாணிக்கத்துல என் தங்கச்சி வயலுக்கு ஒண்ணு வேணும். எப்ப வாரீக?" என்றார்.

அவருக்குத் தெரியவே இல்லை. அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்துவிட முடியாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் கணவர் செல்போனும் கையுமாக இருந்தார். நான் ஆரம்பித்தேன். முதல் தடவை தடம் மாறியதைச் சொன்னேன். "ம்" என்றார். இரண்டாவதைச் சொன்னேன். "ம்." சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"ம்" வரவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் நிறுத்திட்ட? மூணாவது தடவ என்னாச்சு?"