கைப்பிடியில் ஏறிய சூடு

மின்னியல் பயிற்சி முடித்து மலேசியாவின் ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டுக்குத் திரும்பிய வருடம், ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் அப்பாவுக்கு விடியற்காலைக் குளிரில் விரல்கள் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாவிட்டால் வேலை போய்விடும். அவருடைய மோட்டார் சைக்கிள் கைப்பிடிகளில் சூடேறும் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்தேன்.

"இந்த ஊர்ல ஹீட்டரா? ஒம்மகளுக்குப் பைத்தியம் லா!" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாவிடம் சிரித்தார்.

முதல் நாளே வலப்பக்கம் சூடேறவில்லை. அது வேகம் கூட்ட முறுக்கும் கைப்பிடி; கம்பியைத் தளர்வாக விடாததால் அறுந்துவிட்டது. கைப்பிடி திரும்ப இடம் கொடுத்து, புதுக் கம்பியைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து, மறுபடி பொருத்தினேன்.

மறுநாள் பனியில் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். மரத்தடியில் இறங்கியதும் அப்பா கத்தியை எடுத்தார். விரல்கள் மடங்கின. வெட்டைப் பார்க்க வந்த மண்டோர் கைப்பிடியைத் தொட்டார். கையை எடுக்கவே இல்லை.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா."

அப்பா முந்திக்கொண்டார். "மெக்கானிக்கம்மாவுக்கு நேரம் இருக்கான்னு கேளுங்க, மண்டோரே!"

சான்றிதழ் வாங்கிய அன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.