சித்தி சுரண்டிய தரை

ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது தரை முழுவதும் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. டைல்ஸ் இடுக்குகளில் பூசிய கிரவுட் சாந்தை ஈரம் காய்வதற்குள் துடைத்திருக்க வேண்டும். மேஸ்திரி அதைச் செய்யாமலே அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அது கல்லாக இறுகி, வெறுங்காலோடு நடந்தால் பாதத்தை உரசியது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்தாள். வீட்டைச் சுத்தம் செய்ய உதவிக்கு வந்திருப்பதாக அம்மா சொன்னாள். எனக்கு ஒன்பது வயது, நம்பினேன். மறுநாளே சித்தி வேலையில் உட்கார்ந்துவிட்டாள். வெந்நீரில் நனைத்த துணியை ஒரு திட்டின்மேல் போட்டு ஊறவைப்பாள். பிறகு பிளாஸ்டிக் தகட்டால் மெல்லச் சுரண்டுவாள். நான் பள்ளிவிட்டு வரும்போது ஒன்றிரண்டு டைல்ஸ் மட்டும் பளிச்சென்று இருக்கும். சித்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஹப்சிகுடாவில் ஒரு டைல்ஸ் கடையிலிருந்து பாட்டில் ஒன்று வாங்கி வந்தார்.

"இத ஊத்தித் தேய்ச்சா அரை நாள்ல போயிரும்னு கடைக்காரன் சொல்லுதான்."

அம்மா அதை வாங்கிப் பரண்மேல் வைத்தாள். "ஆசிட்டு. டைல்ஸு மங்கிப் போயிரும். அவ கையாலயே எடுக்கட்டும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. "கைக்கு மம்மி? பாட்டில் ஹை நா?" என்று, எதற்கு இதெல்லாம், பாட்டில்தான் இருக்கிறதே என்பதைத் தெருப்பிள்ளைகளிடம் பழகிய இந்தியில் கேட்டேன்.

"நக்கோ," வேண்டாம் என்றாள் அம்மா, என் பேச்சிலேயே. "நீ போய் ஹோம்வொர்க்கப் பண்ணு."

சாயங்காலங்களில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சித்தியின் முதுகுக்கு எண்ணெய் தடவுவாள். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். முதுகு கன்றிப் போயிருந்தது. குனிந்தே சுரண்டியதில் அப்படி ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இவ்வளவு வேலையும் வாங்கிவிட்டு எண்ணெய் வேறா என்று அம்மாமேல் வெறுப்பாக இருந்தது.

சித்தியின் வீட்டுக்காரர், சித்தப்பா, ஊரிலிருந்து அடிக்கடி போன் செய்வார். போன் அடித்ததுமே சுரண்டும் சத்தம் நின்றுவிடும். அம்மா அலுத்த குரலில் ஒன்றையேதான் சொல்வாள்: "வேலை முடியலியே தம்பி. அவ இல்லாம நான் ஒத்தையில என்ன செய்வேன்? முடிஞ்சதும் நானே அனுப்பி வைக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து நின்றார். எனக்கு சாக்லேட் கொடுத்தார். அம்மா அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினாள். சித்தி உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

"ஒரு ஆளப் போட்டுச் செய்யலாம்லா மதினி?"

"ஆளு செஞ்ச லட்சணந்தான் தம்பி இது."

காபியைக் குடித்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குத் தனியாகவே கிளம்பினார். அவ்வளவு தூரம் வந்தவரை அம்மா வெறுங்கையோடு அனுப்பிவிட்டாளே என்று அவருக்காக வருத்தப்பட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் சித்திக்கு மல்லாபூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே பெண்கள் ஹாஸ்டல். ஆட்டோ வரை போய் அவளை ஏற்றிவிட்டு வந்த அம்மா, அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அங்கே பாதித் தரை இன்னும் சாம்பலாகவே கிடந்தது. மிச்சத்தை இனித் தானே சுரண்ட வேண்டுமே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டு விளையாடப் போனேன்.